பாட்டுக்காரன் நிற்கும் இடம்

மாமா கப்பல் வேலையை விடுவாரா, மாட்டாரா என்கிற பெரிய விஷயம் என் இரண்டு காதுகளின் பொறுப்பில் வந்து சேர்ந்தபோது, விழுந்த பல் முளைப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயது எனக்கு. காதுகள் அப்படி யோசிக்கவில்லை. மற்ற உறுப்புகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வளர்ந்து முடித்திருந்தன. பள்ளிக்கூடத்தில் என் பெயர் சுளகு, அரிசி புடைக்கிற சுளகு. ஞாயிறு பூசையில் எனக்குப் பின்னால் வாங்கில் இருப்பவர்களுக்குப் பீடம் தெரிவதில்லை என்று பெரியப்பா சொல்லுவார். இந்தக் காதுகளுக்கு ஒரு நாள் உத்தியோகம் கிடைக்கும் என்று வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

எழுபதுகளின் கடைசி. வெளிநாட்டுச் சாமான்களைத் தாராளமாக இறக்க விட்ட புதிது. அதுவரை றேடியோ என்றால் அலுமாரிக்கு மேல் பூப்போட்ட துணி போர்த்தி வைக்கும் பொருள் என்றிருந்த திருகோணமலை, கடைத்தெருவில் வெள்ளிநிறப் பெட்டிகளைக் கண்டு வாய் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தச் சமயத்தில்தான் மாமா வந்து இறங்கினார்.

மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் செய்யாதவர். எங்கோ ஒரு நாட்டின் கொடி கட்டிய சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை. நான் பிறப்பதற்கு முன்பே கடலுக்குப் போனவர். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கலியாணம் நடந்தது அவருடைய உழைப்பில்தான். துறைமுகத்துக்குப் போகிற வீதியில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு போட்டு, நடுவில் பலகைச் சுவர் அடித்து, வலது பாதியை அம்மாவுக்கும் இடது பாதியைப் பெரியம்மாவுக்கும் சீதனமாக எழுதினார்கள். வீடு பெண்பிள்ளைகளுக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆண்பிள்ளை ஓடு வாங்கிக் கொடுப்பான். மழைக்கு ஒதுங்க வேறு இடம் பார்த்துக்கொள்வான்.

லீவில் வந்தால் மாமா ஒரு கிழமை ஏழு நாளும் எங்கள் பாதியில் இருப்பார், மறு கிழமை பெரியம்மாவின் பாதியில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய இரும்புப் பெட்டி முற்றத்தைச் சுற்றிப் பக்கம் மாறும். எங்கள் வீட்டில் எல்லாமே அப்படித்தான். கிணற்றில் காலையில் அவர்கள் குளித்தால் பின்னேரம் நாங்கள். முருங்கையில் வீதிப்பக்கத்துக் கிளை எங்களுடையது. மாதாவின் சுருவம், அந்தச் சிலைகூட அரை வருஷம் அந்தப் பக்கம், அரை வருஷம் இந்தப் பக்கம். மாதா யாருடைய பாதியில் அதிகம் புதுமை செய்தார் என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இடையே தீராத வழக்கு ஒன்று இருந்தது.

இந்த முறை மாமா கொண்டுவந்தது சவர்க்காரமும் சொக்கலேற்றும் இல்லை. றெக்கோட் சுழற்றுகிற மெஷின் ஒன்று, தூக்கினால் இடுப்புப் பிடிக்கிற அம்பிளிஃபயர் ஒன்று, நீளத் தலைமயிர்க்காரர்களின் படம் போட்ட றெக்கோட்டுகள் ஒரு பெட்டி நிறைய. அது றொக் இசை என்று மாமா சொன்னார். ஸ்பீக்கர் மட்டும் இல்லை. அவ்வளவு பெரிய பெட்டிகளுக்குக் கப்பலில் இடம் கொடுக்க மாட்டார்களாம். ஸ்பீக்கர் இல்லாமல் றெக்கோட்டைச் சுழலவிட்டு ஊசிக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனால், காதோரம் ரீங்கரிக்கிற நுளம்பு ஒன்று கிற்றார் பழகுவது மாதிரிக் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் அந்த நுளம்பை ஒரு பின்னேரம் முழுக்கக் கேட்டோம். அப்போதுதான் மாமா அதைச் சொன்னார்.

"மருமோன், நல்ல ஸ்பீக்கர் ரெண்டு அம்பிட்டுதெண்டால் நான் இஞ்சயே இருந்திடுவன். துறைமுகத்தில இழுவைப் படகுக்கு மெக்கானிக் தேடினமாம்."

"பகிடியோ மாமா?"

"பகிடியில்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் அதை உடன்படிக்கையாக எடுத்துக்கொண்டேன். மாமா ஊரில் இருந்தால்தான் என் பகிடிகளுக்குச் சிரிக்க வீட்டில் ஒரு ஆள் உண்டு. அப்பா அரசாங்க அலுவலகமான கச்சேரியில் லிகிதர். பகிடி சொன்னால் அதன் நோக்கம் என்ன என்று கேட்பார். மாமா இருக்கும் நாட்களில் அப்பாவின் பிரம்பு அலுமாரிக்கு மேல் ஓய்வெடுக்கும். மாமா போகிற அன்று இறங்கி வரும். போன முறை அவர் போன பிறகு, துறைமுகத்தில் எந்தக் கப்பல் ஊதினாலும் பாதிச் சோற்றில் எழும்பி ஓடினேன். இனி அப்படி ஓட வேண்டாம். நல்ல ஸ்பீக்கர் இரண்டு கிடைத்தால் போதும். கிடைக்காவிட்டால் மாமா போய்விடுவார்.

மாமா ஸ்பீக்கர் பார்க்கிற முறை அந்தப் பயத்தை இன்னும் கூட்டியது. ஒரு றெக்கோட்டைத் தலையணை உறைக்குள் போட்டு என் கையில் தந்து, என்னைச் சைக்கிளின் முன் பாரில் ஏற்றிக்கொண்டு, முதலில் கடைத்தெருவில் ஒரு முஸ்லிம் நானாவின் றேடியோக் கடைக்குப் போனார். நானா வெள்ளிநிறப் பெட்டிகள் இரண்டைத் தட்டிக் காட்டினார். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் பாட்டுக்கு ஏற்ப எரிந்து அணைந்தன. எனக்கு அதுவே போதும். மாமாவுக்குப் போதவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் பெட்டிகளுக்கு எதிரே, இரண்டுக்கும் ஒரே தூரம் வருகிற இடத்தில் போட்டு, என்னை அதில் இருத்தினார்.

"கண்ணை மூடு. பாட்டுக்காரன் எங்க நிக்கிறான் எண்டு கையால காட்டு."

"பெட்டிக்குள்ள மாமா."

"அப்ப அது பழுதான பெட்டி. நல்ல ஸ்பீக்கர் எண்டால் ரெண்டும் சேந்து ஆளை நடுவில கொண்டந்து நிப்பாட்டும். நடுவில பெட்டியும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆனா அவன் அங்கதான் நிப்பான். மேளகாரன் அவனுக்குப் பின்னால. கிற்றார்க்காரன் இந்தப் பக்கம். வடிவாக் கேள்."

வடிவாகக் கேட்டேன். ஒருவரும் நடுவில் இல்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் மாமா கப்பலுக்கு ஒரு அடி கிட்டப் போவார் என்ற பயத்தில், கண்ணை மூடியபடியே நேரே கையை நீட்டினேன்.

"நடுவில நிக்கிறான் மாமா. கைதட்டிறான்."

"பொய். அவன் ரெண்டு பெட்டிக்குள்ளயும் மூச்சு முட்டிப்போய் நிக்கிறான். மேளம் விழேக்க பெட்டி இருமுது, கேக்கேல்லையே? இவ்வளவு பெரிய காதை வைச்சுக்கொண்டு."

"தம்பி, பாட்டுக் கேக்கிறதா, இல்லாட்டி ஆள் தேடுறதா?" என்று கேட்டார் நானா.

"ஆள் தேடுறதுதான் நானா," என்றார் மாமா.

அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள். ஒன்றில் பாட்டுக்காரன் வாளிக்குள் நின்று பாடினான். ஒன்றில் மேளகாரனை ஆளையே காணோம். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவர், தன் குழல் ஸ்பீக்கரைத் தடவிக்கொடுத்து, "போட்டால் நிலாவெளி வரைக்கும் கேக்கும் அண்ணை" என்றார். "எனக்கு நிலாவெளிக்குக் கேக்கத் தேவையில்லை தம்பி, எனக்குக் கேட்டால் காணும்" என்று மாமா சைக்கிளைத் திருப்பினார். ஒவ்வொரு கடையிலும் நான் கையை நேரே நீட்டினேன். ஒவ்வொரு கடையிலும் மாமா அதைப் பிடித்து இறக்கிவிட்டார். நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அவர் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர்; இன்னும் வாங்காத பொருளும் அவருடைய இலாகாவில் வருமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. இருந்தாலும் அவசரத்துக்கு வேறு ஆளைத் தெரியாது.

கடைசியில் ஒரு கதை வந்தது. உவர்மலையில் ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறது, வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் போனோம். அங்கே முக்கால்வாசிச் சாமான் போய்விட்டது. சுவரில் படங்கள் தொங்கிய இடங்கள் மட்டும் வெளிறிப்போய்ச் சதுரம் சதுரமாக இருந்தன. வீட்டுக்கார அன்ரி எங்களை மண்டபத்துக்குள் கூட்டிப்போனார். என் நெஞ்சுயரத்துக்கு இரண்டு மரப்பெட்டிகள். முன்னால் பழுப்பு நிறத் துணி. ஒரு விளக்குக்கூட இல்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

"என்ர பொடியன்மாரின்ர பெட்டியள்," என்றார் அன்ரி. "அவங்கள் முதலே போயிட்டாங்கள். இதைப் போட்டால் அலுமாரிக் கிளாஸ் எல்லாம் ஆடும். நான் பேசாத பேச்சில்லை. இப்ப ஒருத்தரும் போடுறதில்லை, அதுவும் ஒரு மாதிரித்தான் இருக்கு."

மாமா றெக்கோட்டைப் போட்டார். நான் கதிரையில் ஏறிக் கண்ணை மூடினேன். முதலில் இடப்பக்கம் யாரோ குச்சியால் எதையோ தட்டினான். வலப்பக்கம் கிற்றார் ஒன்று சாய்ந்துகொண்டு உள்ளே வந்தது. பிறகு திடீரென்று ஒரு ஆள் என் முன்னால் நின்றான். சத்தியமாக நின்றான். மூச்சு இழுத்ததுகூடக் கேட்டது. அந்த இடத்தில் அன்ரியின் கிழட்டு நாய் படுத்திருந்தது எனக்குத் தெரியும். பாட்டுக்காரன் சரியாக அதன் முதுகில் நின்று கத்தினான். கையை நீட்டிக்கொண்டே கண்ணைத் திறந்தால், நாயும் தலையை நிமிர்த்தித் தனக்கு மேலே யார் என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த முறை மாமா என் கையை இறக்கிவிடவில்லை.

"எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டார் அன்ரி. "இதுக்கு அகலமான அறை வேணும். ரெண்டையும் நல்லாத் தள்ளித் தள்ளி வைக்கவேணும்."

"இடம் பாக்கவேணும் அன்ரி," என்றார் மாமா. அவர் முகம் சற்றுச் சுருங்கியது. பாரத்தைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

பாரம் பற்றி யோசித்திருக்கத்தான் வேண்டும். உவர்மலை இறக்கத்தில் தள்ளுவண்டியில் அந்த இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்ததை நினைத்தால் இப்போதும் என் கை கயிறு தேடும். மாமா வண்டிக்கு முன்னால் முதுகைக் கொடுத்துக்கொண்டு இறங்கினார். பின்னால் கயிற்றைப் பிடித்து வண்டியை நிறுத்துவது என் வேலை. வண்டி என்னை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போனது. ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. நடுவீதியில் ஒரு மான் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் மான்களுக்கு வாகனம் என்றால் மரியாதை கிடையாது.

"பிடி மருமோன், பிடி! கயிறை விட்டிடாதை!"

"பிடிச்சுக்கொண்டுதான் வாறன் மாமா! வண்டிதான் சொல்லுக் கேக்குதில்லை!"

மேலே இருந்த பெட்டி ஒரு சாண் சறுக்கியது. அது விழுந்தால் மாமாவும் போய்விடுவார் என்று என் முழுப் பாரத்தையும் கயிற்றில் போட்டேன். என் முழுப் பாரம் என்பது அந்தக் காலத்தில் பெரும்பாலும் காதுதான். மான் தோலைத் தின்று முடித்து, இன்னும் இருக்கிறதா என்று மணந்து பார்த்து, பிறகு விலகியது. அதுவரை மாமா குதிக்காலைத் தாரில் ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றார். வீடு வந்து பெட்டிகளை எங்கள் மண்டபத்தில் இறக்கியபோது இரண்டு பேரும் அப்படியே நிலத்தில் படுத்துவிட்டோம். மாமா கூரையைப் பார்த்துச் சிரித்தார். எல்லாம் முடிந்தது, மாமா இருந்துவிடுவார் என்று நானும் கூரையைப் பார்த்துச் சிரித்தேன்.

அடுத்த நாள் காலை மாமா இழுவைப் படகு வேலை விஷயமாகத் துறைமுகத்துக்குப் போனார். அவர் வாசல் படலையைத் தாண்டியதும் பெரியம்மா முற்றத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, தம்பி ரெண்டு பெட்டியையும் உன்ர பக்கமே இறக்கிப்போட்டானோ?"

"இந்தக் கிழமை எங்கட கிழமைதானே அக்கா."

"கிழமைக்குக் கிழமை இந்த மலையை ஆர் தூக்கிறது? ரெண்டு அக்கா, ரெண்டு பெட்டி. அவன் கணக்குப் பாத்துத்தான் வாங்கியிருக்கிறான்."

அம்மா பெட்டிகளைப் பார்த்தார். பலகைச் சுவரைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். சுருவத்தைப் பிரிக்க முடியாமல் அரை வருஷம் காத்திருக்கிற வீட்டில், தானாகவே இரண்டாகப் பிரிந்து வந்த ஒரு பொருளைக் கண்டால் வேறென்ன தோன்றும்?

"ஐயோ, பிரிக்கக் கூடாது!" என்று நான் குறுக்கே விழுந்தேன். "பாட்டுக்காரன் நடுவில நிக்கவேணும்!"

"நடுவில சுவர் நிக்குது," என்றார் அப்பா. "நீ போய்ப் படி."

பெரியப்பா ஒரு முறை அயன்பெட்டியைத் திருத்தியவர் என்பதால் குடும்பத்தின் விஞ்ஞானி. பலகையில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாக வயரை அந்தப் பக்கம் தள்ளினார். அப்பா இந்தப் பக்கம் பிடித்து இழுத்தார். பாலம் கட்டி முடித்தவர்கள் மாதிரி இரண்டு பேரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். அப்பா றெக்கோட்டுகளைப் புரட்டி, தலைமயிர் வெட்டிக் கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகளின் படம் போட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ஒழுக்கமான றெக்கோட். அது பழையது. அந்தக் காலத்தில் பாட்டுக்காரனை ஒரு பெட்டிக்கும் வாத்தியங்களை மற்றப் பெட்டிக்கும் என்று பிரித்துப் பதிவார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் மண்டபத்தில் மேளமும் கிற்றாரும் கேட்டன. பாட்டு இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஒருவன் தனியாக நின்று, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல், யாரையோ காதலிப்பதாகக் கதறினான்.

அம்மாவின் முகம் மாறியது. "அக்காவின்ர பெட்டிக்குள்ள ஆள் இருக்கு. எங்கட பெட்டிக்குள்ள சட்டி பானைதான் உருளுது."

"வேணுமெண்டால் இவனை நீயே எடடி!" என்று சுவருக்குள்ளால் பெரியம்மாவின் குரல் வந்தது. "ஒரே கத்தல். எனக்குத் தலையிடிக்குது."

நியாயம் பார்த்து, பெட்டிகளை மாற்றுவது என்று முடிவானது. அப்பாவும் பெரியப்பாவும் முக்கி முனகிக்கொண்டு, ஒன்றை முற்றத்தின் முன்பக்கத்தாலும் மற்றதைப் பின்பக்கத்தாலும் தூக்கிக்கொண்டு போய் மாற்றினார்கள். வயர்களை இருந்தபடியே கொழுவினார்கள். ஊசியை வைத்தார்கள். எங்கள் பக்கம் மறுபடியும் சட்டி பானை. அந்தப் பக்கம் மறுபடியும் அவன்.

பெரியப்பா நெடுநேரம் யோசித்தார். "அவனுக்கு எங்கட பக்கம்தான் பிடிச்சிருக்குப்போல," என்றார்.

இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அன்று நான் படலைக்கும் மண்டபத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தேன். மாமா வந்து இதைப் பார்த்தால் என்ன ஆகும்? பாட்டுக்காரன் நடுவில் இல்லாத ஸ்பீக்கருக்காக யார் கப்பலை விடுவார்கள்? பெரியவர்கள் களைத்துப்போய்த் தேநீருக்குக் குசினிப்பக்கம் போனதும், மாமாவின் றெக்கோட்டைத் தலையணை உறையிலிருந்து எடுத்துப் போட்டேன். பலகைச் சுவரின் நடுவில், கீழ் ஆணி கழன்று ஆடுகிற பலகை ஒன்று இருந்தது. அதைத் தள்ளிவிட்டு, பக்கவாட்டாக அந்தச் சந்துக்குள் என்னைச் செருகினேன். என் வலது பாதி எங்கள் வீட்டில். இடது பாதி பெரியம்மா வீட்டில். ஆளுக்கொரு காது.

பாட்டு முழுசாக வந்தது. நடுவில் நின்றான், அதே ஆள். ஆனால் தள்ளிவிட்ட பலகை திரும்பி வந்து என் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது. மூச்சை உள்ளே இழுத்தால் பலகையும் உள்ளே வந்தது. அந்த நிலையில்தான் படலைச் சத்தம் கேட்டது. மாமாவின் செருப்புச் சத்தம்.

அவர் வாசலில் நின்று வயரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். தன் மருமகனின் ஒரு பாதியைப் பார்த்தார்.

"மற்றப் பாதி எங்க?"

"பெரியம்மா வீட்டில மாமா."

"எங்க நிக்கிறான் அவன்?"

"நடுவில மாமா. என்ர தலைக்குள்ள."

மாமா பலகையை இழுத்து என்னை வெளியே எடுத்தார். பிறகு நிலத்தில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு அம்மா இந்தப் பக்கத்தாலும் பெரியம்மா அந்தப் பக்கத்தாலும் வந்தார்கள்.

"என்ன தம்பி, சரியாத்தானே பிரிச்சிருக்கிறம்?" என்றார் பெரியம்மா.

"ஓம் பெரியக்கா. குறை சொல்ல ஏலாது."

பெட்டிகளை ஒன்றாக்கச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். அவர் கோபித்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இரண்டு குடும்பமும் எங்கள் பக்கத்தில் ஒன்றாகச் சாப்பிட்டோம். மாமாவின் இரும்புப் பெட்டி அன்று பக்கம் மாற வேண்டும். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"வேலை சரிவரும்போல கிடக்கு. வாற மாதம் தொடங்கச் சொல்லினம். அப்ப இனி இஞ்சயே இருப்பமோ எண்டு பாக்கிறன்."

அம்மா அப்பாவைப் பார்த்தார். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தார். அப்பாவும் பெரியப்பாவும் சொதிக் கோப்பையைப் பார்த்தார்கள்.

"நல்லதுதானே தம்பி," என்றார் அம்மா. "அக்காவின்ர பக்கம் முன்னறை நல்ல காத்தோட்டம். உனக்கு அதுதான் வசதி."

"எங்கட பக்கம் எங்க காத்து?" என்றார் பெரியம்மா. "மத்தியானம் ஓட்டு வெக்கை அப்பிடியே இறங்கும். உன்ர பக்கம்தான் கிணத்தடியும் கிட்ட."

"கிணறு கிட்டத்தான் அக்கா. ஆனா இவன் என்ர பொடியன் நித்திரையில கதைப்பான். பாவம், தம்பிக்கு நித்திரை வராது."

"எங்கட பெட்டையள் விடியமுன்னம் எழும்பிச் சத்தம் போட்டுப் படிக்கிறவளவை."

"மூத்தக்காவோட இருக்கிறதுதானே முறை."

"இல்லையடி, அவனுக்கு உன்னோடதான் சின்னனில இருந்து வாரப்பாடு."

மாமா மீன்முள் ஒன்றை மெதுவாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "அவசரமில்லை அக்கா," என்றார். "யோசிச்சுச் செய்வம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முருங்கைக் காய்க்கு அடிபட்டவர்கள், மாதாவுக்கு வழக்குப் போட்டவர்கள், மாமா என்று வந்ததும் நீ எடு, நீ எடு என்று எவ்வளவு பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார்கள்! எங்கள் வீட்டில் அப்படி ஒன்றை நான் கண்டதே இல்லை. கை கழுவியதும் பக்கத்து ஒழுங்கைக்கு ஓடி, என்னைச் சுளகு என்று கூப்பிடுகிற எல்லாரையும் கூப்பிட்டு, என் மாமா இனிப் போகமாட்டார் என்று அறிவித்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே மாமா புறப்பட்டார். கப்பல் கொழும்புக்கு வருகிறதாம், தான் வருவதாகக் கொம்பனிக்குத் தந்தி அடித்தாயிற்றாம். இரும்புப் பெட்டி முற்றத்தைச் சுற்றாமல் நேரே படலைக்குப் போனது. அம்மா அழுதார். பெரியம்மாவும் அழுதார். இரண்டும் உண்மையான அழுகை. அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஒருவர் பயத்தம் பணியாரம் சுட, மற்றவர் மிளகாய்த்தூள் இடித்து, கருவாட்டைப் பத்துச் சுற்றுக் கடதாசியில் சுற்றிவைக்க, பெட்டி மூடமுடியாமல் அப்பா அதன்மேல் ஏறி இருக்க வேண்டியிருந்தது.

எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஸ்பீக்கர்தான். நான் அழுத அழுகையில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரு வார்த்தை மறுக்காமல் அந்தப் பக்கத்துப் பெட்டியை எங்கள் மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். நான் பாயால் அளந்து, தள்ளி, இழுத்து, கதிரையை ஒரே தூரம் வருகிற இடத்தில் போட்டு, மாமாவைக் கையில் பிடித்து இழுத்து வந்து இருத்தினேன். றெக்கோட்டைப் போட்டேன். மாமா கண்ணை மூடினார்.

"எங்க நிக்கிறான் மாமா?"

கண்ணைத் திறக்காமல் கையை நேரே நீட்டினார். "நடுவில. அச்சொட்டா நடுவில."

"நல்ல ஸ்பீக்கர்தானே?"

"இதைவிடத் திறம் நான் ஒரு துறைமுகத்திலயும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் போறியள்? நல்லது அம்பிட்டால் இருப்பன் எண்டு சொன்னனீங்கள்தானே?"

பாட்டு முடிந்து ஊசி வெறும் வட்டத்தைக் கீறிக்கொண்டிருந்தது. மாமா எழும்பி அதை எடுத்து ஓரத்தில் வைத்தார். மெஷினின் மூடியை மூடினார்.

"கப்பலில எனக்கெண்டு ஒரு கட்டில் கிடக்கு மருமோன்," என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை நின்றுவிட்டது. இதுவா காரணம்? இவ்வளவு சின்ன விஷயத்துக்கா? கப்பல் கட்டில் எப்படிப்பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்: ஒருவருக்கு மேல் ஒருவராகப் படுக்கிற ஒடுங்கின பலகை, திரும்பிப் படுத்தால் மூக்கு இடிக்கும். நான் விரல்களை மடித்துக் கணக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அப்பா, அம்மாவின் பெரிய கட்டில். என்னுடையது. பெரியம்மா பக்கத்தில் அவர்களுடையது, அவர்களின் மகள்மாரான அக்காமாரின் இரண்டு, அதுவும் ஒன்றில் தலைமாட்டில் பித்தளைக் குமிழ் வைத்திருக்கிறது. கணக்குப் பாடத்தில் நான் மோசம்தான். ஆனால் இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் கப்பல் தோற்றது.

மாமா என் மடித்த விரல்களை ஒவ்வொன்றாகக் கவனமாகப் பார்த்தார்.

"ஓம் மருமோன்," என்றார். "உங்கட வீட்டில கனக்கக் கட்டில்தான்."

அவர் ஒத்துக்கொண்டுவிட்டார் என்று எனக்குப் பெரிய ஆறுதல். அதனால், பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பெரியப்பாவோடு அவர் பஸ் நிலையத்துக்கு நடந்தபோது, மற்றவர்களைப் போல நான் கை காட்டவில்லை. போகிற வழியில் கணக்கை ஒருமுறை மனதுக்குள் போட்டுப் பார்ப்பார், சந்தி வரைக்கும் போய்த் திரும்பிவிடுவார் என்று, படலையைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றேன்.